வட்டம் நன்றாகச் சுற்றுகிறது

ஒரு தகப்பன் தன் மகள் பந்து பிடிப்பதைப் பார்க்க ஆசைப்படுவது எந்தச் சட்டத்தின்படியும் குற்றமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "அந்த மனுஷனுக்கு எதுக்கு இந்த வேண்டாத ஆசை?" என்று கேட்டவர்களும் இருக்கிறார்கள்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். எதிரே உட்கார்ந்திருப்பவரின் மூக்கில் கனமான ஒரு சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பது தொழில். மனைவி ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். ஒரே மகள். வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். வாசலில் குனிந்து நுழைய வேண்டிய உயரத்துக்கு அவள் வளர்ந்த பிறகும் அந்தப் பெயரை யாரும் மாற்றவில்லை. பாப்பா ஒரு பெண்கள் கால்பந்து அணியில் கோல்கீப்பர்.

ஆட்டங்கள் எல்லாம் வெளியூரில். கடையைப் பூட்டிவிட்டு ஒரே ஒரு முறை போய்ப் பார்த்தார். மேல்வரிசையில் இடம் கிடைத்தது. அங்கிருந்து பாப்பா ஒரு மஞ்சள் புள்ளி. பந்து அதுகூட இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் கத்தியபோது இவரும் கத்தினார். எதற்குக் கத்தினோம் என்பது திரும்பி வரும் பஸ்ஸில் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. எதிரணி கோல் போட்டதற்காம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சுவரை அடைக்கிற மாதிரி ஒரு டிவியும், அதன் கீழே வைக்க ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியும் வாங்கினார். ஆட்டங்கள் அந்தப் பெட்டி வழியாக நேரடியாக வீட்டுக்குள்ளேயே வரும் என்றார்கள்.

வந்தன. புல் தெரிந்தது, புல்லின் நுனி தெரிந்தது. பயிற்சியாளர் காது குடைவது தெரிந்தது. எதிரணிப் பெண் பந்தைத் தள்ளிக்கொண்டு பாப்பாவை நோக்கி ஓடி வருவதும் தெரிந்தது. அவள் காலை ஓங்குவாள். பந்து கிளம்பும். பாப்பா பக்கவாட்டில் பாய்வாள். அப்போது படம் நின்றுவிடும். பாப்பா அந்தரத்தில், கை நீட்டியபடி, பந்துக்கு ஒரு சாண் தூரத்தில். அவள் முகத்துக்கு நேரே ஒரு வெள்ளை வட்டம் தோன்றிச் சுற்ற ஆரம்பிக்கும்.

வட்டம் மறையும்போது எல்லாரும் வேறு எங்கேயோ ஓடிக்கொண்டிருப்பார்கள். பாப்பா பிடித்தாளா, விட்டாளா என்பதை அவள் நடையை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். விறைப்பாக நடந்தால் பிடித்திருக்கிறாள். வலையிலிருந்து பந்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தால் ஊகிக்கவே வேண்டாம்.

ஆக, அந்தத் தகப்பன் தன் மகள் பந்தைப் பிடித்து ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

இணைப்புக் கம்பெனிக்குப் போன் போட்டார். எதிர்முனையில் பேசிய பெண்ணின் குரலில் தேன் வழிந்தது.

"பெட்டிய அணைச்சுட்டுப் போட்டுப் பார்த்தீங்களா சார்?"

"பார்த்தேம்மா."

"அணைச்ச உடனே போட்டுட்டீங்களா?"

"ஒரு நிமிஷம் விட்டுத்தான் போட்டேன்."

"அதுதான் சார் பிரச்சனை. பழச மறக்க அதுக்கும் கொஞ்சம் டைம் குடுக்கணும்ல?"

கொடுத்தார். அது எதையும் மறக்கவில்லை. அடுத்து, நெட் தருகிற ரௌட்டரை உயரமான இடத்தில் வைக்கச் சொன்னார்கள். அது பீரோ மேலே ஏறியது. பீரோ இரும்பு என்பதால் ஆகாது என்றார்கள். ஜன்னலுக்குப் போனது. வெயில் ஆகாது என்றார்கள். கொஞ்ச நாள் குளியலறை வாசலில் ஒரு ஸ்டூலின் மேல் உட்கார்ந்திருந்தது. குளிக்கப் போகிறவர்கள் பெரிய மனிதரைத் தாண்டிப் போவதுபோல் ஒதுங்கிப் போனார்கள். கடைசியில், மனித உடம்பு குறுக்கே வந்தால் சிக்னல் பலவீனமாகும் என்று ஒரு யோசனை வந்தது. அதன்பின் ஆட்டம் நடக்கும்போது நர்ஸம்மா சமையலறைக்குக் குனிந்துதான் போக வேண்டியிருந்தது.

"இந்த வீட்ல நான் இருக்கணுமா, நெட் இருக்கணுமா?" என்று ஒருநாள் நிமிர்ந்து நின்று கேட்டார்.

உடனே பதில் சொல்லியிருக்க வேண்டிய கேள்வி அது. கண்ணாடிக் கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டார். அன்று சாப்பாடு கடையிலிருந்து வந்தது.

எதிர்வீட்டு வக்கீல் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். டிவியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, நோயாளியிடம் பேசுகிற குரலில், "நீங்க இன்னும் ஃபுல் ஹெச்டியிலயா இருக்கீங்க?" என்று கேட்டார்.

"ஏன் சார், போதாதா?"

"யாருகிட்டயும் வெளிய சொல்லிடாதீங்க. எங்க வீட்ல ஃபோர் கே வந்தே பழசாயிடுச்சு. நீங்க ஒரேயடியா எய்ட் கே போட்டுடுங்க. எதுக்கு வம்பு?"

போட்டார். வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. முன்பு ஓரம் கொஞ்சம் மங்கலாக இருந்த வட்டம், இப்போது செதுக்கி எடுத்ததுபோல் துல்லியமாகச் சுற்றியது.

இதற்குமேல் பொறுக்க முடியாமல் அவர் அரசாங்கத்திடம் போனார். இப்படிப்பட்ட குறைகளைத் தீர்ப்பதற்கென்றே 'தெளிவுக் காட்சி மற்றும் தடையற்ற ஓட்ட வாரியம்' என்று ஒன்று இருந்தது. அங்கே லிஃப்ட் ஓடவில்லை. படியேறிப் போய்ப் புகார் கொடுத்துவிட்டு வந்தார். அவர் நம்பிக்கை இழந்து, பிறகு புகார் கொடுத்ததையும் மறந்திருந்த ஒரு நாளில், ஆய்வாளர் ஒருவர் கருவிப் பெட்டியோடு வந்து வாசலில் நின்றார்.

கோபப்படவே முடியாத அளவுக்கு மரியாதையான மனிதர் அவர். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரை அவரே கொண்டுபோய் வைத்தார். டிவிக்கு எதிரே நாற்காலியை அளந்து போட்டு உட்கார்ந்தார். அன்று பாப்பாவுக்கு ஒரு ஆட்டம் இருந்தது. எதிரணிப் பெண் ஓடி வந்தாள், உதைத்தாள், பாப்பா பாய்ந்தாள், வட்டம் வந்தது.

ஆய்வாளர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். ஒரு கருவியை வட்டத்துக்கு நேரே நீட்டிப் பிடித்தார்.

"இப்போ சொல்லுங்க சார். வட்டம் நின்னுச்சா?"

"வட்டம் எங்க சார் நிக்குது? படம்தான் நிக்குது."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. வட்டம் நின்னுச்சா?"

"இல்ல."

"விட்டு விட்டுச் சுத்துச்சா?"

"இல்ல."

"ஓரம் மங்கலா இருந்துச்சா?"

கண்ணாடிக் கடைக்காரருக்குத் தொழில் தர்மம் குறுக்கே வந்தது. "இல்ல. தெளிவாத்தான் இருந்துச்சு" என்றார்.

ஆய்வாளர் கருவியை உறையில் போட்டார். "'திரையில் தோன்றும் காட்சி உயர்தெளிவுடனும் இடையறாமலும் இயங்குதல் வேண்டும்.' விதி இவ்வளவுதான். எந்தக் காட்சின்னு விதியில சொல்லல."

"அது என் பொண்ணு சார்! அந்தரத்துல தொங்கிட்டிருக்கா!"

"அழகா தொங்குறாங்க" என்றார் ஆய்வாளர் மனதார. "ஒரு துளி நடுக்கம் இல்ல பாருங்க."

போகும்போது வாசல் கதவில் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார். 'இவ்வில்லத்தில் காட்சி தடையின்றி இயங்குகிறது.' அரசாங்கப் பசை. நர்ஸம்மா கத்தியால் சுரண்டியும், ஆஸ்பத்திரி ஸ்பிரிட் ஊற்றியும் அது வரவில்லை.

அந்த ஸ்டிக்கர்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். வட்டமும் காட்சிதான் என்று வாரியமே சொல்லிவிட்ட பிறகு, கம்பெனி சும்மா இருக்குமா? 'எங்கள் வட்டம் நிற்பதே இல்லை' என்று தெருமுனையில் பெரிய பலகை வைத்தது. கூடுதல் சந்தா கட்டினால் வெள்ளைக்குப் பதிலாகத் தங்க நிற வட்டம் கிடைத்தது. வக்கீல் வீட்டில் தங்க வட்டம் வந்த அன்று, தெருவில் எல்லாரையும் காபிக்குக் கூப்பிட்டார். எல்லாரும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தார்கள்.

"என்ன ஒரு நிதானமான சுத்து!" என்றார் ஓய்வு பெற்ற தாசில்தார்.

"நம்ம வீட்டுது கொஞ்சம் அவசரப்படும்" என்று மருந்துக் கடைக்காரர் ஒத்துக்கொண்டார்.

"படம் எப்ப வரும்?" என்று யாரோ கேட்டார்கள். சபை நாகரிகம் தெரியாத ஆள்.

கண்ணாடிக் கடைக்காரருக்கு ஊரில் திடீரென்று மதிப்பு கூடிவிட்டது. முதல் ஸ்டிக்கர் வாங்கியவர் அல்லவா? வாரியம் அவர் வீட்டை 'மாதிரிப் பார்வையாளர் இல்லம்' என்று அறிவித்தது. கடைக்கு வருகிறவர்கள் கண்ணைக் காட்டிவிட்டு, வீட்டு வட்டத்தைப் பற்றியும் நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போனார்கள். முதலில் அவருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. நாளாக நாளாக, கேட்காமல் போகிறவர்கள் மேல் எரிச்சல் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் பாப்பாவின் போன் வந்தது.

"அப்பா! ஃபைனலுக்கு வந்துட்டோம்! அதுவும் நம்ம ஊர் கிரவுண்ட்லதான்! வீட்லேர்ந்து நடந்தே வரலாம். இந்தத் தடவை வந்துடுவீங்கல்ல?"

"வராம? ஆனா பாப்பா..." என்று இழுத்தார். "வாரியத் தலைவரே அன்னிக்கு நம்ம வீட்டுக்கு வர்றாராம். வட்டம் ஒரு தடவகூட வராதாம், எழுதியே குடுத்திருக்காங்க. நீ பிடிக்கிறத இவ்வளவு பக்கத்துல, இவ்வளவு பெருசா பார்க்கலாம்மா. உன் மூக்கு நுனி வேர்வகூடத் தெரியுமாம்."

"வேர்வய நான் வீட்டுக்கு வந்தே காட்டுறேம்ப்பா. நீங்க கிரவுண்டுக்கு வாங்க."

"அங்க மேல்வரிசையில உக்கார வெச்சுட்டா?"

 "போன அம்மாகிட்ட குடுங்க" என்றாள் பாப்பா.

இறுதி ஆட்டத்தன்று மதியமே நர்ஸம்மா தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பிவிட்டார். "நீங்க உங்க பொட்டியப் பாருங்க. நான் என் பொண்ணப் பார்த்துட்டு வர்றேன்" என்று மட்டும் சொன்னார்.

மாலையில் வீடு நிரம்பி வழிந்தது. ஆய்வாளரும் வக்கீலும் முன்னதாகவே வந்து இடம் பிடித்திருந்தார்கள். வாரியத் தலைவர் நடு சோபாவில் அமர்ந்தார். தெருவே அங்கே இருந்தது. அவர்கள் யார் வீட்டிலும் அன்று படம் இல்லை. ஒரு வீட்டுக்குத் தடையில்லாமல் கொடுக்க வேண்டுமானால் மற்ற வீடுகளுக்குத் தடை செய்ய வேண்டும் என்பது வாரியத்தின் பொறியாளர்கள் நீண்ட ஆய்வுக்குப் பின் கண்டுபிடித்த உண்மை. அதன்படி அந்தப் பகுதி முழுவதற்கும் இணைப்பைத் துண்டித்துவிட்டு, மொத்தத்தையும் கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுக்குத் திருப்பியிருந்தார்கள்.

டிவியைப் போட்டார்கள். நீல நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து. 'நேரலை சற்று நேரத்தில் தொடங்கும்.'

"ஆஹா!" என்றார் தலைவர்.

"எவ்வளவு நீலம்!" என்றார் வக்கீல்.

வட்டம் வரவே இல்லை. எல்லாரும் கை தட்டினார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. எழுத்தும் அப்படியே இருந்தது. ஜன்னல் வழியே திடீரென்று ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கத்தும் சத்தம் கேட்டது.

"என்ன சத்தம் அது?"

"கிரவுண்ட்லேர்ந்து வருது சார்."

"ஜன்னலச் சாத்துங்கப்பா. படம் பார்க்குற இடத்துல என்ன இது" என்றார் தலைவர். வக்கீல் எழுந்து சாத்தினார்.

கண்ணாடிக் கடைக்காரர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். "சார், ஆட்டம் ஆரம்பிச்சு எவ்வளவோ நேரமாச்சு. படம் எங்க?" என்று ஆய்வாளரிடம் கேட்டார்.

ஆய்வாளர் யாருக்கோ போன் போட்டுப் பேசினார். மரியாதையாகத் திரும்பினார். "கிரவுண்ட் கேமராவும் இந்த ஏரியா லைன்லதான் இருக்காம் சார். அதையும் சேர்த்து நிறுத்திட்டாங்க."

"அப்ப அதப் போட்டு விடச் சொல்லுங்க!"

"போட்டா வட்டம் வந்துடுமே சார்."

சத்தம் சாத்திய ஜன்னலையும் தாண்டி மறுபடி வந்தது. கண்ணாடிக் கடைக்காரர் எழுந்துவிட்டார். முன்வரிசை முழங்கால்களை எல்லாம் இடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"எங்க சார் போறீங்க?" ஆய்வாளர் பதறினார். "பார்வையாளர் இல்லாம இது எப்படி மாதிரிப் பார்வையாளர் இல்லம் ஆகும்?"

"வக்கீல் சும்மாதான் இருக்காரு. அவர வெச்சுப் பார்த்துக்குங்க!"

யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு ஓடினார். ஒன்று பெரிது, ஒன்று சின்னது. மைதான வாசலில் அவரை யாரும் தடுக்கவில்லை. டிக்கெட் பார்க்கிறவர் தன் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளே போனதும் அந்தச் சத்தத்தின் காரணம் புரிந்தது. கூட்டம் கத்தியது கோலுக்காக இல்லை. மைதானத்துக்கு வந்திருந்தவர்கள் அத்தனை பேரும், எதிரே நடக்கிற ஆட்டத்தைக் கிட்டத்தில் தெளிவாகப் பார்ப்பதற்காக, போனைத் திறந்து வைத்திருந்தார்கள். இணைப்பு இல்லாததால் படம் வரவே இல்லை. "படத்தப் போடு! படத்தப் போடு!" என்றுதான் அந்த ஆயிரம் குரலும் கத்திக்கொண்டிருந்தது. அத்தனை தலையும் குனிந்திருந்தது.

"சார், உங்களுக்கு வருதா?" என்று ஒருவர் இவர் கையைப் பிடித்தார்.

"எனக்கு அங்க வருது" என்று புல்லைக் காட்டிவிட்டுக் கையை உதறிக்கொண்டு ஓடினார்.

கோல் கம்பத்துக்குப் பின்னால், கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நர்ஸம்மா தனியாக நின்றிருந்தார். புருஷனைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து வேலியில் இடம் கொடுத்தார்.

"சமநிலை. பெனால்டி நடக்குது. நம்ம ஆளுங்க ஒண்ணு கூடுதலா போட்டுட்டாங்க. இது கடைசி. இதப் பிடிச்சா கப்பு."

பாப்பா அவ்வளவு பக்கத்தில் இருந்தாள். அவள் கழுத்தில் ஒட்டியிருந்த புல் தெரிந்தது. கையுறையின் பிரிந்த தையல் தெரிந்தது. எதிரணிப் பெண் நான்கைந்து அடி பின்னால் போய் நின்று, மூச்சை இழுத்துவிட்டு, ஓடி வந்தாள். உதைத்தாள். பாப்பா இடதுபக்கம் பாய்ந்தாள். கை நீண்டது. பந்துக்கும் கைக்கும் இடையே ஒரு சாண்.

கண்ணாடிக் கடைக்காரர் பழக்கதோஷத்தில் கண்ணை இறுக மூடப் போனார். நர்ஸம்மா அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினார்.

படம் நிற்கவில்லை. அந்த ஒரு சாணைக் கடந்து கை போனது. பந்து உள்ளங்கையில் 'டப்' என்று அறைந்தது. அந்தச் சத்தம் எந்தப் பெட்டியிலும் வந்ததில்லை. பாப்பா பந்தை வயிற்றோடு கட்டிக்கொண்டு புல்லில் உருண்டாள். எழுந்தாள். வேலிக்குப் பின்னால் ஜோடி சேராத செருப்போடு நின்ற அப்பாவைப் பார்த்ததும் சிரித்தாள்.

"பிடிச்சிட்டா!" என்றார் அவர். "பிடிச்சிட்டாம்மா! பார்த்தியா, பிடிச்சிட்டா!" நர்ஸம்மாவும் வேலியைப் பிடித்து உலுக்கினார். நடுவர் விசில் ஊதிக் கையைத் தூக்கினார். பார்ப்பது அவர் வேலை என்பதால் அவரும் பார்த்திருந்தார்.

கூட்டம் நிமிர்ந்தது. "என்ன ஆச்சு? என்ன ஆச்சு?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டது. யாருக்கும் தெரியவில்லை. கூச்சல் பெரிதானது. அதற்குள் செய்தி கேள்விப்பட்டு வாரியத் தலைவர் காரில் வந்து இறங்கினார். இணைப்பைத் திரும்பக் கொடுக்க உத்தரவிட்டார். மைக்கை வாங்கினார்.

"பொதுமக்கள் யாருமே பார்க்காத ஒரு நிகழ்வை நிகழ்ந்ததாகக் கொள்வதில் சில நிர்வாகச் சிக்கல்கள் உள்ளன. எனவே, பார்க்கத் தவறியவர்களின் நலன் கருதி, அந்தக் கடைசிப் பந்து மட்டும் மீண்டும் ஒருமுறை, உயர்தெளிவில், நிகழ்த்திக் காட்டப்படும்."

"கப்பு எங்களுக்குத்தானே?" என்று பாப்பா நடுவரைக் கேட்டாள்.

"அதுல மாத்தம் இல்லம்மா. இது சும்மா படத்துக்கு" என்றார் நடுவர்.

எதிரணிப் பெண் ஒரு ஓரமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உற்சாகமாக ஓடி வந்தாள். ஆயிரம் போன்கள் உயர்ந்தன. வட்டம் எங்கேயும் இல்லை. ஜெயித்த சந்தோஷத்தில் ஆடிக்கொண்டிருந்த பாப்பா சிரித்துக்கொண்டே வலதுபக்கம் பாய்ந்தாள். பந்து சிரிக்காமல் இடதுபக்கம் போய் வலையில் விழுந்தது.

"அடடா, என்ன தெளிவு!" என்று மைதானமே கை தட்டியது.

கோப்பை பாப்பாவோடு வீட்டுக்கு வந்தது. படம் அதற்கு முன்னாலேயே ஊர் முழுக்கப் போய்விட்டது. மறுநாள் காலையிலிருந்து ஆறுதல் சொல்ல ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். "விடும்மா, எல்லாருக்கும் நடக்குறதுதான்" என்றார் மருந்துக் கடைக்காரர், கோப்பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே. "மேல்முறையீட்டுக்கு இடம் இருக்கான்னு நான் பார்க்குறேன்" என்றார் வக்கீல்.

"நான் பிடிச்சேன் அங்கிள். அதனாலதான் கப்பு இங்க இருக்கு."

"இருக்கட்டும்மா. ஆனா நாங்க எல்லாரும் பார்த்தோமே" என்றார் வக்கீல் கனிவாக.

அவர்கள் போன பிறகு கண்ணாடிக் கடைக்காரர் டிவியைப் போட்டார். அந்தப் படத்தைத்தான் தேடிப் போட்டார். எதிரணிப் பெண் ஓடி வந்தாள். பாப்பா வலதுபக்கம் பாய்ந்தாள். பந்து வலையில் விழுந்தது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டார்.

"அப்பா! இது நிஜம் இல்லப்பா. நீங்க நேர்லயே பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேம்மா. இல்லேன்னு யார் சொன்னா?" அவர் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. "ஆனா இங்க பாரேன். ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் எங்கயாவது நிக்குதா?"

பாப்பா முறைத்தாள். திரையைப் பார்த்தாள். மெல்ல வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என் தலை ரப்பர்பேண்டுகூடத் தெரியுதுப்பா" என்றாள்.

சமையலறையிலிருந்து நிமிர்ந்தே நடந்து வந்த நர்ஸம்மா இருவரையும் பார்த்தார், திரையையும் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு இன்னொரு பக்கம் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் சத்தமா வைங்க" என்றார்.